தினையும் பாலடிசிலும்: தமிழ் மரபில் கிளியுணவும் தென்சென்னைப் புறநகரின் இன்றைய தேவையும்

ஆய்வுச் சுருக்கம்

கிளி எதை உண்கிறது என்பதும் கிளிக்கு எதை ஊட்டுகிறோம் என்பதும் தமிழ் இலக்கியத்தில் தனித்தனியே பதிவாகியுள்ளன. சங்கப் பாடல்களின் கிளி தானே தேடித் தினையும் வேப்பம்பழமும் உண்கிறது. பக்திப் பாடல்களின் கிளி மனிதர் கையால் பாலும் தேனும் அடிசிலும் பெறுகிறது. இவ்விரு மரபுகளையும் ஒப்பிட்டு, வீட்டுக் கிளியின் உணவு அப்பறவையின் உடல் இயல்பை ஒட்டி அமையாமல், மனிதரின் அன்பையும் எதிர்பார்ப்பையும் ஒட்டி அமைந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டாரத்தில் இன்று கிளி வளர்ப்போர் எதிர்கொள்ளும் உணவுத் தேர்வை இவ்வரலாற்றின் தொடர்ச்சியாக விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கிளி, தினை, அடிசில், கிள்ளைப்பத்து, பல்லாவரம் சந்தை, வனவுயிர்ச் சட்டம்

முன்னுரை

கிளியைக் குறித்த தமிழாய்வுகள் பெரும்பாலும் அதன் தூது, அதன் சொல், அதன் அழகு ஆகியவற்றையே பேசியுள்ளன. பி. எல். சாமி போன்றோர் சங்க நூல்களில் வரும் பறவைகளை உயிரியல் நோக்கில் அடையாளம் காட்டிய பிறகு, அப்பாடல்களைப் பறவைகளின் வாழ்வியல் சான்றுகளாகவும் படிக்கும் வழி திறந்தது. எனினும் கிளியின் உணவு தனியே கவனிக்கப்பட வேண்டிய பொருளாகும். உணவைப் பற்றிய குறிப்பில்தான் புனத்துக் கிளியும் கூட்டுக் கிளியும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன.

பாடல் என்பது களக்குறிப்பு அன்று. திணை மரபும் உவமை நோக்கும் அதில் கலந்திருக்கும். ஆகவே, ஒரு பாடல் கூறும் உணவு இன்றும் அப்பறவை உண்ணக் காணப்படும் உணவோடு பொருந்தும் இடங்களில் மட்டும் அதை இயற்கைச் சான்றாக இக்கட்டுரை ஏற்கிறது. பொருந்தாத இடங்களில் அதனை மனிதரின் பழக்கத்துக்கும் மனநிலைக்கும் சான்றாகக் கொள்கிறது.

1. புனத்துக் கிளி

குறிஞ்சித் திணையில் கிளி முதலில் தோன்றுவது பயிரை அழிக்கும் பறவையாகவே. தினை முற்றும் பருவத்தில் இளம்பெண்கள் பரண்மீது இருந்து கிளியோட்டுவது அகப்பாடல்களின் அடிப்படைக் காட்சிகளுள் ஒன்று. தழல், தட்டை, குளிர் எனக் கிளியை விரட்டும் கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டு பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஒரு பறவையை விரட்டுவதற்கு இத்தனை கருவிகள் தேவைப்பட்டன எனில், அது விளைச்சலுக்கு ஏற்படுத்திய சேதம் சிறியதன்று. கிளி உண்பதைவிடக் கொறித்து வீணாக்குவது மிகுதி என்று இக்காலப் பறவையியலாரும் குறிப்பிடுவர்.

ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் 281 முதல் 290 வரையுள்ள பாடல்கள் கிள்ளைப்பத்து எனப் பெயர் பெற்றுள்ளன. அதன் முதற்பாடலில் தலைவன் கிளிகளை வாழ்த்துகிறான். அவை தினையைக் கவர வந்ததால்தான் தலைவி காவலுக்கு வந்தாள், அவன் அவளைக் காண முடிந்தது. கிளி தினைக் கதிரை நாடி வரும் என்ற உறுதியான அவதானிப்பு இல்லாமல் இவ்வாழ்த்து பொருள்படாது.

குறுந்தொகையின் 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார் வேறொரு உணவைக் காட்டுகிறார். கிளி தன் வளைந்த அலகில் வேம்பின் ஒளிமிக்க பழத்தைப் பற்றியிருக்கும் தோற்றம், அணிகலனில் கோக்கப்படும் பொற்காசுக்கு உவமையாகிறது. களம் வறண்ட பாலை நிலம். தினைப்புனம் இல்லாத இடத்தில், அது இல்லாத பருவத்தில், கிளி வேம்பை நாடுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் வேம்பு பழுக்கும்போது தாம்பரம் வட்டாரத்திலும் இக்காட்சியைக் காணலாம்.

இவ்விரு சான்றுகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு முடிவு கிடைக்கிறது. சங்கக் கிளிக்கு ஒரே உணவு என்பது இல்லை. கதிர் முற்றும்போது கதிர், பழம் பழுக்கும்போது பழம் என அதன் உணவு பருவந்தோறும் மாறியது. அதைத் தேடிப் பறப்பதும் அதன் வாழ்வின் பகுதியாக இருந்தது.

2. கூட்டுக் கிளி

வீட்டுக் கிளியும் சங்க நூல்களுக்குப் புதிதன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, அந்தணர் குடியிருப்பில் கிளிகளுக்கு மறையொலி பயிற்றப்பட்டதைக் கூறுகிறது. இன்றைய தாம்பரமும் பல்லாவரமும் அடங்கிய தொண்டை நாட்டின் கிளி வளர்ப்புக்கு இது மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. ஆனால் இங்கே பேசப்படுவது கிளி என்ன சொல்கிறது என்பதே. அது என்ன உண்டது என்பது சொல்லப்படவில்லை.

ஊட்டும் உணவு பாடலில் விரிவாக இடம்பெறுவது பக்திக் காலத்தில். 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் திருத்தோணிபுரப் பதிகத்தில் தலைவி கூற்றாகக் கிளியை அழைக்கிறார். தேனும் பாலும் முறையாகத் தருவதாகவும், அதற்கு ஈடாக இறைவன் பெயரை ஒருமுறை சொல்ல வேண்டுமெனவும் அத்தலைவி கேட்கிறாள். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில், இனிய அடிசிலும் பாலமுதும் ஊட்டி வளர்த்த தன் கிளியைக் குயிலுக்குத் தோழமையாக்குவதாக ஆசை காட்டுகிறார். நம்மாழ்வாரின் தலைவி, தூது செல்லாத பூவையிடம், இனி உன் அலகில் அடிசில் வைப்பாரை வேறெங்கேனும் தேடிக்கொள் என்று சொல்லிவிடுகிறாள். நாச்சியார் திருமொழியின் மற்றோர் இடத்தில், கூட்டுக் கிளிக்கு உணவு கொடாமல் ஒறுத்தால் அது இறைவன் பெயரை இன்னும் உரக்கக் கூவுகிறது.

இந்நான்கு இடங்களிலும் உணவு ஒரு பரிமாற்றப் பொருளாக அமைகிறது. பேசினால், தூது சென்றால் உணவு. இல்லையெனில் உணவு இல்லை. கொடுக்கப்படும் பொருள்களும் நோக்கத்தக்கவை. பால், தேன், அடிசில் ஆகியவை குழந்தைக்கு ஊட்டப்படுபவை, இறைவனுக்குப் படைக்கப்படுபவை. கிளியைக் குழந்தையாகவும் அடியாராகவும் கருதிய மனம் அவற்றுக்குரிய உணவையே அதற்கும் அளித்தது. பக்தி மரபில் இது ஆழ்ந்த பொருளுடையது. பறவையின் குடலுக்கு இது ஏற்றதா என்பது அப்பாடல்களின் கேள்வியன்று. ஆயினும் பாலும் பழமும் கிளிக்குரிய சிறந்த உணவு என்ற எண்ணம் வீட்டு வழக்கில் நிலைத்துவிட்டது. கிளிச் சோதிடர் சீட்டெடுத்த கிளிக்கு நெல்மணி கொடுப்பதிலும் அதே பரிமாற்றத்தைக் காண்கிறோம்.

3. மூர் மார்க்கெட்டும் பல்லாவரம் சந்தையும்

நகரக் குடும்பங்களுக்குக் கிளி விலைப்பொருளாக வந்து சேர்ந்ததும் இவ்வரலாற்றின் ஒரு கட்டம். 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் பழைய புத்தகங்களுக்குப் போலவே வளர்ப்புப் பறவைகளுக்கும் பெயர் பெற்றிருந்தது. அதனையொட்டிய பீப்பிள்ஸ் பூங்காவில், 1855இல் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிய விலங்குக் காட்சியகம் நெடுங்காலம் இயங்கியது. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அதே ஆண்டு ஜூலையில் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. பறவையைக் காட்சிப்படுத்தும் இடம் இவ்வாறு நகரின் நடுவிலிருந்து தென்புறநகருக்கு நகர்ந்தது.

தென்புறநகரில் பறவை வாங்குவோர் நாடும் இடமாகப் பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தை விளங்குகிறது. கால்நடைச் சந்தையாக இருந்து பல்பொருள் சந்தையாக வளர்ந்த அதில், சென்னை வழக்கில் லவ் பேர்ட்ஸ் எனப்படும் பட்ஜெரிகர்களும் காக்டெயில்களும் கூண்டோடு கிடைக்கின்றன.

சந்தைக் கூண்டுக்கு இணையாக இவ்வட்டாரத்தில் மற்றொரு மரபும் வளர்ந்தது. 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகத்தில் எட்வர்ட் பார்ன்ஸ் முதலிய ஆசிரியர்கள் புதர்க்காட்டைப் பேணி மரங்களை வளர்த்தனர். அக்கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியரும் தமிழ்க் கல்வெட்டெழுத்து ஆய்வாளருமான கிஃப்ட் சிரோன்மணி தாம்பரம் பகுதிப் பறவைகளை நோக்கி எழுதினார். சங்கப் புலவரின் நோக்கைப் போலவே இதுவும், பறவையைத் தன்னிடம் அழைக்காமல் அது இருக்கும் இடத்தில் சென்று காண்பதாகும்.

4. சட்டம் வகுத்த எல்லை

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1990–91இல் உள்நாட்டுப் பறவை வணிகத்துக்கு விதிக்கப்பட்ட தடையும், தமிழ் இலக்கியம் பாடிய கிளியை வீட்டுக் கூண்டிலிருந்து விலக்கிவிட்டன. கழுத்தில் சிவந்த வளையமுடைய செந்தார்ப் பைங்கிளியையோ, அதனினும் பெரிய பச்சைக்கிளியையோ வீட்டில் வைத்திருப்பது குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னும் இக்காப்பு தொடர்கிறது. 2023இல் சென்னையில் திரைப்பட நடிகர் ஒருவரின் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை மீட்டுக் கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் கொண்டுசென்றது. அவருக்கு 2.5 இலட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சையோ காயம்பட்ட கிளியையோ கண்டெடுப்பவர் அதனை வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை.

ஆகவே, இன்று சட்டப்படி வளர்க்கக் கூடியவை அயல்நாட்டு இனங்களே. அவற்றுள்ளும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்ற, பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனங்களை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்தல் வேண்டும்.

5. இன்றைய கூண்டும் உணவுத் தட்டும்

இனம் மாறியபோதும் ஊட்டும் பழக்கம் மாறவில்லை. பால்சோறு, வெள்ளைச் சோறு, பிஸ்கட், சூரியகாந்தி விதை ஆகியவை இன்றும் வழக்கில் உள்ளன. இவற்றின் குறைகளைக் கால்நடை மருத்துவ அறிவு தெளிவாக விளக்குகிறது.

பாலூட்டிகளின் குட்டிகளுக்குப் பால்சர்க்கரையைச் செரிக்கும் நொதி உண்டு. பறவைகள் பால் குடித்து வளர்வன அல்ல. அவற்றுக்கு அந்நொதி இல்லை. பால் மிகுந்தால் வயிற்றுப்போக்கு நேரும். வெள்ளைச் சோறு மாவுச்சத்தைத் தருமேயன்றி, உயிர்ச்சத்து ஏயையோ சுண்ணாம்புச் சத்தையோ போதிய அளவு தருவதில்லை. சூரியகாந்திப் பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. நாள் முழுதும் பறந்து திரியும் பறவை அதனைச் செலவிடும். கூண்டுப் பறவையின் கல்லீரலில் அது படியும்.

இங்கே தினையின் கதை எதிர்பாராத திருப்பம் கொள்கிறது. உலகெங்கும் கூண்டுப் பறவைகளுக்குக் கதிரோடு விற்கப்படும் சிறுதானியம், குறிஞ்சிப் புனத்தில் கிளியோட்டிக் காத்த அதே தினைதான். பட்ஜெரிகரும் காக்டெயிலும் ஆஸ்திரேலிய வறள்நிலப் புல்விதைகளை உண்டு வாழ்பவை. கதிரைக் கொறிப்பது அவற்றுக்கு உணவும் தொழிலும் ஆகும். ஆயினும் தினை மட்டுமே போதாது. விதையை மட்டும் உண்ணும் கிளிகளுக்கு உயிர்ச்சத்து ஏ, சுண்ணாம்புச் சத்து ஆகியவற்றின் குறை நேர்வது மருத்துவர் அடிக்கடி காணும் நிலை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குச் சுண்ணாம்புக் குறையால் வலிப்பும் வரலாம்.

எனவே, பெல்லட் எனப்படும் சத்துச் சமன் செய்த குருணைத் தீவனத்தை அடிப்படையாகக் கொண்டு, காய், கீரைகளைச் சேர்த்து, விதையையும் பழத்தையும் அளவோடு கொடுப்பதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. தாம்பரம் சந்தையில் எளிதில் கிடைக்கும் முருங்கைக்கீரை, காரட், பரங்கிக்காய், கோவைப்பழம், பச்சைமிளகாய் ஆகியன இதற்கு உதவும். மிளகாயின் காரத்தைப் பறவைகள் உணர்வதில்லை. கணவாய் ஓடு சுண்ணாம்புச் சத்து தரும். வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகேடோ, சாக்லேட், காபி, உப்பிட்ட தின்பண்டங்கள் ஆகியவற்றை அறவே தவிர்த்தல் வேண்டும்.

பழக்கப்பட்ட உணவை ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்தானது. புதியதை உணவென்றே அறியாமல் கிளி பட்டினி கிடக்கும். சில வாரங்களில் சிறிது சிறிதாக மாற்றி, எடையை நாள்தோறும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். இனத்துக்கும் வயதுக்கும் ஏற்ற அளவைப் பறவை மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டறிவது நலம். பேச வைப்பதற்காக உணவை மறுக்கும் பழக்கத்துக்கு இடமே இல்லை. சிறிய உடலில் சேமிப்பு குறைவு. ஒரு நாள் பட்டினியும் சிறுகிளியின் உயிருக்கு ஊறாகலாம்.

முடிவுரை

தமிழ் மரபு கிளியை நேசித்தது என்பதில் ஐயமில்லை. அந்நேசம் இரு வகைப்பட்டது. ஒன்று கிளியைக் கண்டது. மற்றொன்று கிளியோடு பேசியது. பாலடிசில் இரண்டாம் நேசத்தின் உணவு. அப்பாடல்களுள் அது நிலையான அழகுடையது. உணவுத் தட்டில் அதற்கு இடமில்லை. கிளியை விரட்டியவர்களின் பாடல்களே அதன் உண்மையான உணவை அறிந்திருந்தன என்பது வரலாற்றின் முரண். விளைச்சலைக் காக்க வேண்டியவர்கள் அதனைக் கூர்ந்து நோக்கினர்.

அவர்களின் நோக்கிலிருந்து இன்றைய வளர்ப்போர் பெறத்தக்கவை மூன்று: ஒரே உணவில் நிலைக்காத பன்மை, பருவத்துக்கேற்ற மாற்றம், தேடி உண்ணும் உழைப்பு. கூண்டில் இவற்றை ஓரளவே அமைத்துத் தர முடியும். செந்தார்ப் பைங்கிளிக்கோ இம்மூன்றையும் மரங்கள் தருகின்றன. மனைப்பிரிவுகள் பெருகும் தாம்பரம் வட்டாரத்தில் ஒரு வேம்பை வெட்டாமல் விடுவது, அள்ளூர் நன்முல்லையார் கண்ட உணவை அக்கிளிக்கு விட்டுவைப்பதாகும். அதற்குக் கூண்டும் தேவையில்லை. கிளி நமக்கு ஒரு சொல் சொல்ல வேண்டியதும் இல்லை.