வால்ஸ்ட்ரீட்பெட்ஸ் வணிகக்குறி வழக்கு

வால்ஸ்ட்ரீட்பெட்ஸ் வணிகக்குறி வழக்கு என்பது, சமூக ஊடகத் தளம் ஒன்றில் இயங்கும் குழுவின் பெயர் அதைத் தொடங்கியவருக்கு உரியதா, தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு உரியதா என்பது குறித்து அமெரிக்காவில் நடந்த வழக்கு ஆகும்.

தோற்றம்

ரெடிட் தளம் 2005-இல் தொடங்கப்பட்டது. அதில் பயனர் எவரும் ஒரு தலைப்பில் குழு அமைக்கலாம். அமைத்தவரும் அவர் சேர்த்துக்கொள்பவர்களும் ஊதியமின்றி அக்குழுவை மேற்பார்வையிடுவர். 2012 சனவரியில் ஜெய்மி ரோகோசின்ஸ்கி என்பவர் பங்குச் சந்தையில் துணிந்து பணம் போடுவோருக்காக வால்ஸ்ட்ரீட்பெட்ஸ் என்ற குழுவை அமைத்தார். 2020-இன் தொடக்கத்தில் அதன் உறுப்பினர் எண்ணிக்கை 10 இலட்சத்தை எட்டியது.

விண்ணப்பமும் நீக்கமும்

2020-இல் ரோகோசின்ஸ்கி இக்குழுவைப் பற்றி நூல் ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டு மார்ச்சில் குழுவின் பெயரைத் தம் வணிகக்குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். அடுத்த மாதமே ரெடிட் அவரை மேற்பார்வையாளர் பொறுப்பிலிருந்து நீக்கியது. குழுவைக் கொண்டு பணம் ஈட்ட முயன்றதே காரணம் என்றது நிறுவனம். வணிகக்குறிக்கு விண்ணப்பித்ததே உண்மைக் காரணம் என்றார் அவர். அவரது விண்ணப்பத்தையும் ரெடிட் எதிர்த்தது.

2021 சனவரியில் இக்குழுவினர் திரண்டு வாங்கியதால் கேம்ஸ்டாப் நிறுவனப் பங்கின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அதன் விலை சரியும் என்று கணித்திருந்த முதலீட்டு நிதியங்கள் பெரும் இழப்பைச் சந்தித்தன. பெயர் உலகெங்கும் அறிமுகமானது; அதன் மதிப்பும் கூடியது. அப்போது பெயரை உருவாக்கியவர் குழுவுக்கு வெளியே இருந்தார்.

வழக்கும் தீர்ப்பும்

2023 பிப்ரவரியில் ரோகோசின்ஸ்கி கலிபோர்னியாவின் வட மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ஒப்பந்த மீறல், வணிகக்குறி மீறல் ஆகியவற்றுக்கு இழப்பீடு கோரினார்.

அமெரிக்கச் சட்டத்தில் வணிகக்குறி உரிமை, பெயரை முதலில் சிந்தித்தவருக்குக் கிடைப்பதில்லை. வணிகத்தில் அதை முதலில் பயன்படுத்தியவருக்கே கிடைக்கும். ஒரு கடைக்குப் பெயர் சூட்டித் தந்தவர் கடைக்காரர் ஆகிவிடுவதில்லை என்பது போன்றது இது. குழு இயங்கிய சேவையை மக்களுக்கு வழங்கியது ரெடிட். ரோகோசின்ஸ்கி அச்சேவையைப் பயன்படுத்திய பயனர். இந்த அடிப்படையில் 2023 சூலையில் நீதிமன்றம் அவரது கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தது. திருத்திய மனுவும் தோற்றது. 2025-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இம்முடிவை உறுதி செய்தது.

முக்கியத்துவம்

குழுக்களை வளர்ப்பவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். பெயருக்கு மதிப்பைத் தருவதோ இலட்சக்கணக்கான உறுப்பினர்களின் பதிவுகள். எனினும் உரிமைப் போட்டி தொடங்கியவருக்கும் நிறுவனத்துக்கும் இடையில் மட்டுமே நடந்தது. உறுப்பினர்களின் பங்கு விசாரணைக்கே வரவில்லை. பிறர் தளத்தில் குழு தொடங்குவோர் அப்பெயரைத் தமதாக்கிக்கொள்ள விரும்பினால், அதே பெயரில் தளத்துக்கு வெளியே சொந்தமாக ஒரு சேவையையோ பொருளையோ முன்னதாகவே வழங்கியிருக்க வேண்டும் என்பது இவ்வழக்கு தரும் பாடம்.