அரங்கேற்றங்களின் நாயகர் கிஷெகோஷ் ஃபிட்டெல்பெர்க்

போலந்து என்றொரு நாடே உலக வரைபடத்தில் இல்லாத காலம். ரஷ்யப் பேரரசின் டைனபர்க் நகரில் (இன்று லாட்வியாவின் டவுகவ்பில்ஸ்) 1879இல் பிறந்தார் கிஷெகோஷ் ஃபிட்டெல்பெர்க். வார்சாவில் வயலினும் இசையமைப்பும் பயின்று, அந்நகரின் ஃபில்ஹார்மோனிக் குழுவில் வயலின் வாசித்து, பின்னர் அதே குழுவை நடத்தும் நிலைக்கு உயர்ந்தார்.

1905இல் ஷிமனோவ்ஸ்கி, ருஜிட்ஸ்கி, ஷெலூட்டோ ஆகிய மூன்று இளம் இசையமைப்பாளர்களோடு சேர்ந்து, தங்கள் படைப்புகளைத் தாங்களே அச்சிட ஒரு பதிப்புக் கூட்டமைப்பைத் தொடங்கினார். லுபோமிர்ஸ்கி இளவரசர் பொருளுதவி செய்தார். மறு ஆண்டு வார்சாவில் அவர்களது படைப்புகள் ஒரே மேடையில் ஒலித்தன, நடத்தியவர் ஃபிட்டெல்பெர்க். இசையமைப்பாளராகவும் பெயர் பெற்றிருந்த அவர், போகப்போகப் பிறர் படைப்புகளை மேடையேற்றுவதையே தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். அவருடைய பெருமை முழுவதும் அந்தத் தேர்வில்தான் இருக்கிறது என்பேன்.

ஷிமனோவ்ஸ்கியுடனான நட்பு அதற்குச் சான்று. தாமே மேடையில் வாசிக்க வேண்டும் என்பதற்காக, தம் வாசிப்புத் திறனுக்கு ஏற்ப பியானோ பகுதியை அமைத்து நான்காம் சிம்பொனியை எழுதினார் ஷிமனோவ்ஸ்கி. 1932இல் பொஸ்னான் நகரில் அது அரங்கேறியபோது பியானோவில் அவர். இசைக்குழுவின் முன்னே ஃபிட்டெல்பெர்க்.

1935இல் வார்சாவில் போலந்து வானொலி சிம்பொனி இசைக்குழுவை நிறுவினார். அரங்கத்துக்கு வர வழியில்லாதவர் வீட்டுக்கும் சிம்பொனி இசை போய்ச்சேர அது வழிசெய்தது. நான்கே ஆண்டுகளில் போர் மூண்டது, குழு சிதறியது. யூதக் குடும்பத்தில் பிறந்த ஃபிட்டெல்பெர்க் போர்க்காலத்தை அமெரிக்கக் கண்டத்தில் கழித்தார்.

1945இல் நிலக்கரி நகரமான கடோவிட்சேயில் அந்தக் குழுவுக்கு மறுஉயிர் கொடுத்தவர் இசை நடத்துநர் விட்டோல்ட் ரோவிட்ஸ்கி. இதை மறைத்து ஃபிட்டெல்பெர்க்கைப் புகழ்வது நேர்மையாகாது. 1947இல் நாடு திரும்பிக் குழுவின் பொறுப்பை ஏற்ற ஃபிட்டெல்பெர்க், ஓய்வு தேடும் வயதில் புதிய படைப்புகளைத் தேடினார். நாஜி ஆக்கிரமிப்பின்போது லுடோஸ்வாஃப்ஸ்கி எழுதத் தொடங்கிய முதல் சிம்பொனியை 1948 ஏப்ரல் 1 அன்று அரங்கேற்றினார். மறு ஆண்டே கம்யூனிஸ்ட் ஆட்சியாளர்கள் அதை ‘உருவவாதம்’ (பொருளைவிட வடிவத்தையே பெரிதாக்கும் கலை) என்று ஒதுக்கினார்கள். லுடோஸ்வாஃப்ஸ்கி இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் இசையமைப்பாளர்களுள் ஒருவர் என்பதை உலகம் பின்னர் ஒப்புக்கொண்டது.

1953 ஜூனில் கடோவிட்சேயிலேயே ஃபிட்டெல்பெர்க் காலமானார், இறுதிவரை அக்குழுவின் தலைவராகவே இருந்து. இளம் இசை நடத்துநர்களுக்கான பன்னாட்டுப் போட்டி ஒன்று 1979 முதல் அவர் பெயரால் அந்நகரில் நடந்துவருகிறது.