நாய் பெல்ட்டில் முள் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

ஆலுவாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஊரை விட்டு வெளியே இருக்கும் நம்மவர்கள் வீட்டில் நாய் வளர்ப்பது இப்போது ரொம்பவே கூடிவிட்டது. அதனால் இந்த வாரம் மணியைப் பற்றியும், மணி கழுத்தில் கிடந்ததைப் பற்றியும் எழுதலாம் என்று.

மலையாளத்தில் நாய்க்கு 'பட்டி' என்று பேர். வந்த புதிதில் ஆபீஸில் ஒருத்தர் என் சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர்களைக் கேட்டார். நான் வெள்ளந்தியாக நாலைந்து பட்டி பெயர்களைச் சொல்ல, மனுஷன் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கதை இன்னொரு நாள்.

மணி ராஜபாளையம் ஜாதி. இரண்டு மாதக் குட்டியாக ஒரு நண்பர் கொடுத்தார். ஒன்றரை வயதில் பையனை இழுத்துக்கொண்டு ஓடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் பெரியாற்றங்கரை மணப்புறத்தில் ஆட்டைப் பார்த்துவிட்டுப் பாய்ந்ததில் பையன் குப்புற விழுந்து முழங்கால் தேய்ந்துபோனது. வீட்டில் ஒரே சண்டை. நாய் பழக்குகிற ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் ஒரு இரும்பு பெல்ட்டைக் கொண்டுவந்து மாட்டினார். சங்கிலி மாதிரி கண்ணி கண்ணியாக இருக்கும், ஒவ்வொரு கண்ணியிலும் உள்பக்கமாக இரண்டு முள். நாய் இழுத்தால் இறுகும், முள் கழுத்தில் குத்தும். "நாய் தானா கத்துக்கும் சார், பேடிக்கண்டா" என்றார்.

கற்றுக்கொண்டது, உண்மை. மறுநாளே இழுப்பது நின்றுவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மூன்றாவது வாரம் குளிப்பாட்டும்போது காதுக்குக் கீழே தொட்டால் வீல் என்று கத்துகிறது. ரோமத்தை விலக்கிப் பார்த்தால் வரிசையாகப் புண், ஒன்றில் சீழ். இடவப்பாதி மழையில் ஈரம் காயாமல் உள்ளே அழுகியிருக்கிறது. இருபத்து நாலு மணி நேரமும் அதைக் கழட்டாமல் விட்டது நான்தான். ராஜபாளையத்துக்கு ரோமம் குட்டை. டாக்டர் புண்ணைக் கழுவிக்கொண்டே, "இதை யார் மாட்டினாங்க?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி பையன் அந்த பெல்ட்டை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான். "அப்பா, டாம் அண்ட் ஜெர்ரில வர்ற பெரிய நாய்க்கு முள்ளு வெளிய இருக்கு. இதுல ஏன் உள்ள இருக்கு?"

நல்ல கேள்வி. பதில் தேடிப் போனதில் வந்ததுதான் இந்தப் பதிவு.

பையன் சொன்னதுதான் சரி. முள் முதலில் வெளியேதான் இருந்தது. ரோமாபுரியில் வார்ரோ என்று ஒருவர், எண்பது வயதில், கி.மு. 37 வாக்கில், விவசாயம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஆட்டு மந்தை காக்கும் நாய்க்கு எப்படிக் கழுத்துப்பட்டை செய்வது என்று இருக்கிறது. கெட்டியான தோலில் ஆணி அடிக்க வேண்டும், ஓநாய் கழுத்தைக் கவ்வ முடியாதபடி. அதோடு விடவில்லை மனுஷர். ஆணியின் தலை நாயின் கழுத்தில் உரசிப் புண்ணாகாமல் இருக்க, உள்பக்கம் மெத்தென்ற தோலை வைத்துத் தைக்கச் சொல்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவருக்கு இருந்த அக்கறை! நான் ஆன்லைன் யுகத்தில் இருந்துகொண்டு உள்ளே ஒரு துணி வைக்கக்கூட யோசிக்கவில்லை.

ரோமாபுரி எங்கேயோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வார்ரோவுக்கு அடுத்த தலைமுறையில் அங்கிருந்து மிளகு வாங்க கப்பல் கப்பலாக வந்த முசிறி, எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்த துறைமுகம். 2007 முதல் பட்டணம் என்ற ஊரில் தோண்டி, ரோமானிய ஜாடி ஓடுகளை எடுத்தார்கள்.

நம் நாட்டிலும் இதே பட்டை உண்டு. இமாச்சலத்தில் கத்தி இடையர்கள் மலைக்கு மேலே மந்தை ஓட்டிப் போகும்போது, தங்கள் நாய்களுக்குத் தகரத்திலோ இரும்பிலோ அகலமான பட்டை போடுவார்கள். சிறுத்தை முதலில் பிடிப்பது கழுத்தைத்தான் என்பதால். ஆக பட்டை என்பது முதலில் நாய்க்குக் கவசம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, கட்டி வைப்பது. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பாம்பேயில் ஒரு வீட்டு வாசலில் ஒரு நாய் சங்கிலியில் கட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர்கள் அதை அவிழ்த்துவிடவில்லை. சாம்பல் மூட மூட, சங்கிலி விட்ட தூரம் வரை மேலே மேலே ஏறியிருக்கிறது. அதற்குமேல் முடியவில்லை. 1874-இல் அந்த இடத்தைத் தோண்டியபோது சாம்பலில் இருந்த வெற்றிடத்தில் சாந்து ஊற்றி அச்சு எடுத்தார்கள். உடம்பு முறுக்கிக்கொண்டு, கால் நாலும் மேலே தூக்கி, கழுத்தில் பட்டையோடு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. போட்டோவைப் பையனுக்குக் காட்டவில்லை.

நம் இலக்கியத்தில் கட்டிய நாய் வருகிற இடம் இதைவிட வலிக்கும். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் தோற்று, குடவாயில் கோட்டத்தில் சிறை கிடந்தான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான், காவலர்கள் சட்டென்று தரவில்லை. பிறகு தந்தபோது குடிக்காமல் வைத்துவிட்டு இறந்தான் என்பது கதை. அவன் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு புறநானூற்றில் 74-வது. அதில் தன்னைச் சங்கிலியில் கட்டின நாய்க்கு ஒப்பிடுகிறான். ஒரு ராஜாவுக்கு அவமானத்தின் கடைசிப் படியாகத் தோன்றியது அதுதான்.

அந்தப் பாட்டில் சங்கிலிக்கு வருகிற சொல் 'தொடர்'. நாம் அதைத் தொடர்வண்டிக்கும் டிவி தொடருக்கும் கொடுத்துவிட்டோம். மலையாளத்தில் நாய்ச்சங்கிலிக்கு இன்றைக்கும் 'துடல்' என்று பேர். எதிர்வீட்டு சேட்டன் தினமும் காலையில் "எடா, துடல் எவிடே?" என்று மகனிடம் கத்துவார். சேர மன்னன் சொன்ன வார்த்தையின் தம்பி அது என்று தெரிந்த பிறகு, அவர் கத்துவது எனக்கு எரிச்சலாக இல்லை.

சரி, கட்டாத நாய்க்கு மரியாதை உண்டா? உண்டு. இதை எழுத எனக்குக் கொஞ்சம் அதிக உரிமை இருக்கிறது, ஏனென்றால் எங்கள் ஊர்ச் சமாச்சாரம். திருவண்ணாமலை மாவட்டத்தில், எங்கள் செங்கம் பக்கம், எடுத்தனூர் என்று ஒரு கிராமம். அங்கே மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துபோனான். அவன் நாய் இரண்டு திருடர்களைக் கடித்துவிட்டு, அவன் பக்கத்திலேயே காத்து நின்றது. கல்லில் வீரனோடு நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். பெயர் கோவிவன். 1972-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகம் போட்டது. ஆடு மேய்க்கிற எங்கள் ஊர்த் தாத்தாக்கள் அந்தக் கல்லை அதற்கு முன்பே 'நாய்க்கல்லு' என்றுதான் கைகாட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

கர்நாடகத்தில் மண்டியா பக்கம் ஆதகூரிலும் ஒரு கல் உண்டு, பத்தாம் நூற்றாண்டின் நடுவில் வைத்தது. தக்கோலம் சண்டையில் (நம்ம அரக்கோணத்துக்குப் பக்கத்து ஊர்தான், சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட இடம்) நன்றாகச் சண்டை போட்ட மணலேரன் என்ற வீரனிடம், என்ன வேண்டும் என்று கங்க மன்னன் பூதுகன் கேட்டான். அவன் நிலம் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. காளி என்ற உங்கள் வேட்டைநாயைக் கொடுங்கள் என்றான். காளி பின்னால் ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. காளிக்காக எழுப்பிய அந்தக் கல் பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெங்களூரில் இருக்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிப் போய்க் காட்டலாம்.

கோவிவனையும் காளியையும் யார் எப்படிப் பழக்கினார்கள்? அடித்தும் இருப்பார்கள். 'அடியாத மாடு படியாது' என்று பழமொழி வைத்திருக்கிற ஜாதி நாம், ரொம்ப யோக்கியம் பேச முடியாது.

ஆனால் வலியை ஒரு கருவியாகச் செய்து கழுத்தில் மாட்டி, அதற்குப் பாடத்திட்டமும் எழுதியது ஐரோப்பா. ஜெர்மனியில் வேட்டைநாய் பழக்குகிறவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே முள்ளை உள்பக்கம் திருப்பிவிட்டார்கள். 1910-இல் கோன்ராட் மோஸ்ட் என்ற போலீஸ் அதிகாரி நாய்ப் பயிற்சிக்கு ஒரு புத்தகம் எழுதினார். போலீஸ் நாய்க்கும் ராணுவ நாய்க்கும் அதுதான் வேதமாக இருந்தது. நாயின் மனசு எப்படி வேலை செய்கிறது என்று அவர் கவனித்து எழுதியது இன்றும் வியப்பாக இருக்கிறது. அதே புத்தகத்தில் முள்பட்டைக்கும் இடம் உண்டு. அமெரிக்காவில் 1962-இல் வந்த வில்லியம் கோலரின் புத்தகம், இழுத்தால் இறுகும் சுருக்குச் சங்கிலியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அறுபதுகளின் கடைசியில் வேட்டைநாய்களுக்கு என்று மின்சார பெல்ட் வந்தது. தூரத்திலிருந்து பொத்தானை அமுக்கினால் கழுத்தில் ஷாக்.

வேடிக்கை என்னவென்றால், மாற்று வழியும் அதே காலத்தில் கைவசம் இருந்தது. 1951 டிசம்பரில் ஸ்கின்னர் என்ற உளவியல்காரர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். டிக் டிக் என்று சத்தம் போடும் குழந்தைப் பொம்மை ஒன்றும், கொஞ்சம் தீனியும் போதும், எந்த மிருகத்துக்கும் சொல்லிக் கொடுக்கலாம் என்று. சமையலறையில் செய்து பார்க்கிற மாதிரி எளிமையாக எழுதியிருக்கிறார். அது வீட்டு நாய் வரைக்கும் வந்து சேர முப்பது நாற்பது வருஷம் ஆனது. வலி உடனே பலன் காட்டும், தீனிக்குப் பொறுமை வேண்டும். நானே மறுநாள் பலனைப் பார்த்து மயங்கியவன்தானே.

2014-இல் பிரிட்டனில் லிங்கன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஷாக் பெல்ட்டையும் தீனி கொடுத்துப் பழக்குவதையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். ஷாக் பெல்ட்டால் கூடுதல் பலன் எதுவும் இல்லை, நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகள் மட்டும் அதிகம். வேல்ஸ் நாட்டில் அதற்கு முன்பே, 2010-இல், ஷாக் பெல்ட்டைத் தடை செய்துவிட்டார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் கை இருக்கிறது. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபா உறுப்பினராக இருந்தபோது மிருகவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் வந்தது. அதன் 11-வது பிரிவில் நாய்ச்சங்கிலி இருக்கிறது. அளவுக்கு மீறிக் கனமான, அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நியாயமில்லாத நேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதும் குற்றம். இதெல்லாம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? முதல் குற்றத்துக்கு அபராதம் 50 ரூபாய் வரை என்று அப்போது எழுதினார்கள். மணியின் மருந்துச் சீட்டு அதைவிடப் பல மடங்கு.

அந்தச் சட்டம் எங்கள் பக்கமே ஒருமுறை வேலை செய்தது. 2020 டிசம்பரில், ஆலுவாவுக்குப் பக்கத்தில் நெடும்பாசேரி அத்தாணி வழியில், ஒருவர் காரின் பின்னால் நாயைக் கழுத்தில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். பின்னால் பைக்கில் வந்த ஓர் இளைஞர் படம் எடுத்தார், வண்டியை மறித்தும் கேட்டார். செங்கமநாடு போலீஸ் வழக்குப் போட்டுக் கைது செய்தது. நாய் பிழைத்துக்கொண்டது. (செங்கத்துக்காரன் எனக்குச் செங்கமநாடு என்ற பேரைக் கேட்டாலே நம்ம ஊர் மாதிரி இருக்கும். அன்றைக்கு அப்படி இல்லை.) அந்த வீடியோவைப் பார்த்து ஊரே கொதித்தது, நானும் கொதித்தேன். அதே நான்தான் மணி கழுத்தில் முள்ளை மாட்டிவிட்டு மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது என்ன செய்கிறோம் என்று கேட்டால், டாக்டர் சொன்னதும் பட்டுத் தெரிந்துகொண்டதும்தான். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். குட்டி என்றால் வாரா வாரம் பார்த்துத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் சதைக்குள் பதிந்துவிடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாய்களுக்குத் தலை ஒடுங்கலாக இருக்கும், சாதாரணப் பட்டையை உருவிக்கொண்டு ரோட்டில் ஓடிவிடும். அதற்காகக் கழுத்தை இறுக்காதீர்கள். ஓர் அளவுக்கு மேல் இறுகாத அகலமான துணிப்பட்டை கிடைக்கிறது. இழுக்கிற நாய்க்கு எந்தக் கழுத்துப்பட்டையும் நல்லதில்லை. மெத்தை வைத்த பட்டைகூட, இழுக்கும்போது கழுத்துக்கு ஆபத்தான அழுத்தம் கொடுக்கிறது என்று 2020-இல் பிரிட்டனில் பொம்மைக் கழுத்தில் சோதித்துச் சொன்னார்கள். கழுத்தில் இழுவை விழும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதாக 2006-லேயே ஓர் அமெரிக்க ஆய்வு வந்திருக்கிறது. மூக்கு சப்பையான பக் மாதிரி நாய் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் கவனிக்கவும். கயிறு மாட்ட நெஞ்சுப்பட்டைதான் நல்லது. பெயர்த்தகடும் போன் நம்பரும் தொங்கவிட மட்டும் கழுத்துப்பட்டை. சுருக்குச் சங்கிலி போட்ட நாயைத் தனியாக விடவே கூடாது, கேட் கம்பியில் மாட்டினால் தூக்குதான். மழைக்காலத்தில் தோல் பெல்ட் காயாது, ராத்திரி கழட்டிவிடுங்கள்.

மணிக்கு நெஞ்சுப்பட்டை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பையன் வறுத்த கடலையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பழக்குகிறான். இழுக்காமல் நாலு அடி நடந்தால் ஒரு கடலை. மணப்புறத்தில் ஆட்டைக் கண்டால் இன்னும் இழுக்கத்தான் செய்கிறது, நிற்கச் சொன்னால் பாதி தடவை நிற்கிறது. புண் ஆறிவிட்டது, அந்த இடத்தில் ரோமம் மட்டும் சரியாக முளைக்கவில்லை. காலையில் எதிர்வீட்டு சேட்டன் துடலைக் கையில் எடுத்து அது சலசல என்று சத்தம் போட்டால், மணி இன்னமும் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்கிறது.