பொறி பறக்காத சுவிட்ச்

ஒரு லேத் மெஷினையோ பாட்டில் நிரப்பும் மெஷினையோ கிட்டத்தில் போய்ப் பார்த்தால், ஏதாவது ஓர் ஓரத்தில் விரல் பருமனுக்கு ஒரு சிறு உருளை மாட்டியிருப்பதைக் காணலாம். வெளியே மரை போட்ட பித்தளைக் குழாய், முனையில் பிளாஸ்டிக் மூடி, பின்பக்கம் ஒரு வயர், பக்கத்திலேயே ஒரு குட்டி விளக்கு. முனைக்குச் சில மில்லிமீட்டர் அருகே இரும்பு வந்தால் விளக்கு எரியும், விலகினால் அணையும். தொட வேண்டிய அவசியமே இல்லை. இதுதான் இண்டக்டிவ் ப்ராக்ஸிமிட்டி சென்சார். தூண்டல் வகை அண்மை உணரி என்று தமிழில் எழுதுகிறார்கள்.

இதன் சர்க்யூட் படத்தை எல்லாப் பாடப்புத்தகங்களும் போடுகின்றன. இதை ஏன் கண்டுபிடிக்க வேண்டி வந்தது என்பதை ஏனோ எழுதுவதில்லை. எனக்கு அந்தக் கதைதான் சுவாரசியமாகப் பட்டது.

1824-ல் பிரான்சில் அராகோ என்பவர், செம்புத் தட்டைச் சுழற்றினால் அதன் மேலே தொங்கும் காந்த ஊசியும் கூடவே இழுபடுவதைப் பார்த்தார். செம்பைக் காந்தம் இழுக்காது, பிறகு எப்படி? 1831-ல் ஃபாரடே விடை சொன்னார். மாறும் காந்தப்புலம் உலோகத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1855-ல் ஃபூக்கோ, இந்த ஓட்டம் உலோகத்தைச் சூடாக்குவதையும் காட்டினார். ஆற்றில் சுழல் போல உலோகத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவதால் இதற்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் செய்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. மின்சாரம் வீணாக வெப்பமாகிப் போய்விடும். டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகத்தை ஒரே கட்டி இரும்பாகச் செய்யாமல் மெல்லிய தகடுகளாக அடுக்குவது இந்த நஷ்டத்தைக் குறைக்கத்தான்.

இந்த நஷ்டத்தை வைத்தே உலோகத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பதை 1879-ல் லண்டனில் டேவிட் ஹியூஸ் தன் 'இண்டக்ஷன் பேலன்ஸ்' கருவியில் காட்டினார். அடுத்த இரண்டே வருடத்தில் அது ஒரு ஜனாதிபதியின் உயிருக்கான பந்தயத்தில் இறங்கியது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். குண்டு உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் 14 வருடங்கள் இருந்தன. டெலிபோன் புகழ் கிரகாம் பெல், ஹியூஸின் வழியில் ஒரு கருவி செய்து எடுத்து வந்தார். சுருளை உடம்பின் மேல் நகர்த்தும்போது உலோகம் அருகே வந்தால் டெலிபோன் ரிசீவரில் சத்தம் கேட்க வேண்டும். உள்நாட்டுப் போரில் குண்டு பாய்ந்து அது உடம்பிலேயே தங்கிவிட்ட பழைய வீரர் ஒருவரிடம் சோதித்தபோது நன்றாகவே வேலை செய்தது. ஜனாதிபதியிடம் மட்டும் செய்யவில்லை! கட்டில் மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தன. போதாததற்கு, குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் பிளிஸ் உறுதியாக நம்பியதால், பெல் அந்தப் பக்கத்தை மட்டுமே தேட முடிந்தது. செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது. என்னைக் கேட்டால் கருவி மேல் பழி சொல்ல ஒன்றுமே இல்லை.

சரி, மருத்துவமனையிலிருந்து தொழிற்சாலைக்கு இது எப்படி வந்தது? அதற்கு நடுவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போக வேண்டும்.

1913 அக்டோபர் 14. வேல்ஸ் நாட்டின் செங்கனிட் சுரங்கத்தில் மீத்தேன் வாயு வெடித்து, அந்தத் தீ நிலக்கரித் தூசியிலும் பரவி 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிரிட்டன் கண்ட மிகப் பெரிய சுரங்க விபத்து அதுதான். தீ எதனால் பற்றியது என்று முடிவாகத் தெரியவில்லை. மின் மணியின் பொறியாக இருக்கலாம் என்ற சந்தேகம் பலமாக எழுந்தது. அந்தக் காலத்துச் சுரங்கங்களில் இரண்டு வெற்றுக் கம்பிகளை ஒன்றோடொன்று தொடவைத்துத்தான் மணியடித்துச் சைகை கொடுப்பார்கள். சாதாரண பேட்டரிதானே, அதில் என்ன ஆபத்து என்று தோன்றும். வீலர், தார்ன்டன் ஆகியோரின் ஆய்வுகள் ஆபத்து எங்கே என்று காட்டின. மணிக்குள் இருக்கும் மின்காந்தச் சுருள் தன் காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. கம்பியைப் பிரிக்கும் கணத்தில் அத்தனையும் ஒரே பொறியாகக் குதிக்கிறது. வாயுவைப் பற்றவைக்க அது போதும்.

இதிலிருந்து பிறந்ததுதான் 'உள்ளார்ந்த பாதுகாப்பு' என்ற கொள்கை. பொறியே வந்தாலும் வாயுவைப் பற்றவைக்க முடியாத அளவுக்கு மின்சாரத்தைக் குறைத்துவிடு என்பதுதான் அதன் சாரம். பின்னாளில் ரசாயன ஆலைகளும் இதை எடுத்துக்கொண்டன. அங்கேதான் புதுச் சிக்கல். சாதாரண சுவிட்சின் தொடுமுனைகள் மேல் காற்றிலும் ரசாயன ஆவியிலும் மெல்லிய படலம் படியும். அதிக மின்சாரம் ஓடினால் படலத்தை உடைத்துக்கொண்டு போய்விடும். சில மில்லியாம்பியர் மட்டும் ஓடினால்? சுவிட்ச் மூடியிருக்கும், ஆனால் மின்சாரம் போகாது. வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கண்ட்ரோல் ரூமுக்குப் பொய் சொல்லும். மின்சாரத்தைக் கூட்டினால் வெடிக்கும் பயம், குறைத்தால் சுவிட்சை நம்ப முடியாது!

ஜெர்மனியில் ரைன் நதியின் ஒரு கரையில் லுட்விக்ஸ்ஹாஃபன். பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனத்தின் பிரம்மாண்ட ரசாயன ஆலை அங்கேதான் இருக்கிறது. வெடிவிபத்து என்பது அந்த ஊருக்கு வெறும் பேச்சு இல்லை. 1948 ஜூலையில் டைமெத்தில் ஈதர் நிரப்பிய டேங்கர் வேகன் வெடித்து 200 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். எதிர்க்கரையில் மான்ஹைம். அங்கே 1945-ல் வால்டர் பெப்பர்ல், லுட்விக் ஃபூக்ஸ் என்ற இருவர் ரேடியோ ரிப்பேர் கடை ஆரம்பித்தார்கள். அந்தக் கடை வளர்ந்த நிறுவனம்தான், பி.ஏ.எஸ்.எஃப் கேட்டுக்கொண்டதன் பேரில், 1958-ல் தொடுமுனையே இல்லாத இண்டக்டிவ் சுவிட்சை உருவாக்கியது. ரேடியோ ரிப்பேர் செய்தவர்களுக்கு ஆசிலேட்டர் சுருள் பழகிய சமாச்சாரம்தானே.

அது வேலை செய்யும் விதம் இதுதான். ஃபெரைட் உள்ளகத்தில் சுற்றிய சுருள், ஒரு மின்தேக்கி, ஒரு டிரான்சிஸ்டர் மூன்றும் சேர்ந்து நொடிக்கு லட்சக்கணக்கான முறை ஊசலாடும். முனைக்கு முன்னால் அந்தப் புலம் பரவி நிற்கும். இரும்பு அருகே வந்தால் அதன் மேற்பரப்பில் சுழல் மின்னோட்டம் ஓடி வெப்பமாகும். அந்த ஆற்றல் ஆசிலேட்டரிடமிருந்துதான் போக வேண்டும் என்பதால் ஊசல் தளர்ந்து நின்றுவிடும். சர்க்யூட் இழுக்கும் மின்சாரமும் குறையும். பின்னால் 'நாமூர்' என்ற பெயரில் வந்த தர நிர்ணயப்படி சுமார் 8 வோல்ட் கொடுத்தால், உலோகம் இல்லாதபோது 2.1 மில்லியாம்பியருக்கு மேலும், இருக்கும்போது 1.2-க்குக் கீழும் ஓடும். திறந்து மூடும் முனை எங்குமே இல்லை. எல்லாவற்றையும் பிசினில் புதைத்துவிடலாம். எண்ணெய், தூசி, தண்ணீர் எதுவும் உள்ளே போகாது. டிரான்ஸ்ஃபார்மர்காரர்கள் திட்டிய அதே வெப்ப இழப்பு, சுரங்க மணியில் பொறியைக் கொடுத்த அதே மாதிரிச் சுருள்!

தூரம் மட்டும் குறைவு. 12 மி.மீ. விட்ட உருளைக்கு வழக்கமாக 2 மி.மீ., 18-க்கு 5, 30-க்கு 10. அதுவும் சாதாரண எஃகுக்குத்தான். அலுமினியம், செம்பு என்றால் பாதிக்கும் கீழே போய்விடும். நல்ல கடத்தியைத்தானே எளிதாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைப்போம். ஆனால் நல்ல கடத்தியில் சுழல் மின்னோட்டம் அதிகத் தடையில்லாமல் ஓடுவதால் வெப்ப இழப்பு குறைவு. இந்தச் சென்சாருக்குத் தெரிவது இழப்பு மட்டுமே. பெல்லுக்கு வந்த கட்டில் கம்பித் தொல்லையும் தீர்ந்தபாடில்லை. சில வகைச் சென்சார்களை இரும்புச் சட்டத்துக்குள் முழுவதும் புதைத்தால் சட்டத்தையே பொருள் என்று நினைத்துக்கொள்ளும். சுற்றிலும் இடம் விட்டுத்தான் மாட்ட வேண்டும்.

இன்று சி.என்.சி மெஷின், ரோபோ, கன்வேயர் என்று இது இல்லாத இடம் குறைவு. விமானத்தின் சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்று பைலட்டுக்குச் சொல்வதும் பல விமானங்களில் இந்த வகைச் சென்சார்தான். நம் ரயில் பாதைகளில் அச்சு எண்ணும் கருவி இருக்கிறதே, அதுவும் இதற்கு நெருங்கிய உறவு. தண்டவாளத்தின் ஒரு பக்கம் அனுப்பும் சுருள், மறுபக்கம் வாங்கும் சுருள். சக்கரம் கடக்கும்போது நடுவில் இருக்கும் புலம் கலையும். ஒரு பகுதிக்குள் நுழைந்த அச்சுகளின் எண்ணிக்கையும் வெளியே போனவற்றின் எண்ணிக்கையும் சரியாக இருந்தால்தான் அடுத்த ரயிலுக்குப் பாதை காலி என்று கணக்கு. ஒன்று குறைந்தாலும் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும்.