கொட்டைப்பெட்டியும் கைப்பையும்: யாழ்ப்பாணத்துப் பனையோலைக் கைவினை பற்றிய ஒரு நோக்கு

ஒரு பொருளின் பெறுமதி அதன் மூலப்பொருளால் மட்டும் அமைவதன்று. அதனை ஆக்கிய கையின் உழைப்பைச் சமுதாயம் எவ்வாறு கணிக்கின்றது என்பதனாலும் அமைகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பனையோலைப் பைகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தோற்பையும் துணிப்பையும் பரவுமுன்னர் இங்கு முதியோர் மடியிற் செருகிய பணப்பை கொட்டைப்பெட்டியே. வெற்றிலை, பாக்கு, சில்லறை யாவும் அதனுள் அடங்கின. சந்தைக்குச் சென்றோர் கையில் உமல் இருந்தது. இவற்றை இழைத்தல் எளிய வேலையன்று. ஓலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, வேண்டியவற்றைச் சாயமிட்டு அவித்த பின்னரே இழைக்கத் தொடங்குவர். வார்ந்த அகலம் சிறிது பிசகினும் பெட்டியின் மூலை கோணும். இத்துணை நுட்பம் வாய்ந்த தொழில், பெண்களின் ஓய்வுநேர வேலை என்றே கருதப்பட்டது. எனவே பெட்டி விலை பெற்றது. இழைத்த நேரம் விலை பெறவில்லை.

பிரான்சின் நிலை வேறு. 1837இல் பாரிசில் குதிரைச் சேணத் தொழிலில் தொடங்கிய ஹெர்மெஸ் நிறுவனம், இரண்டு ஊசிகளால் கையாலே தைக்கும் சேணத் தையலையே தன் தோற்பைகளின் சிறப்பாக்கியது. 1984இல் நடிகை ஜேன் பேர்கின் பெயரால் அந்நிறுவனம் ஒரு பையை ஆக்கிற்று. அவருக்கென முதலிற் செய்யப்பட்ட பை 2025இல் ஏறத்தாழ 86 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. அப்பைக்கு முன்னர் அவர் விரும்பிச் சுமந்தது பின்னல் கூடை ஒன்றே என்பது ஈண்டு நோக்கற்பாலது. பின்னலுக்கு அழகில்லை என்பதன்று. கைத்திறனுக்கு ஒரு பெயரும், அப்பெயருக்கு ஒரு சந்தையும் அங்கு உருவாக்கப்பட்டன என்பதே வேறுபாடு.

இலங்கையில் 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டமை இத்தகைய சந்தையை நோக்கிய ஒரு முயற்சி எனலாம். ஆயின் 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் எண்ணற்ற பனைகள் எறிகணைகளால் தலையிழந்தன. காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் தறிக்கப்பட்டன. மூலப்பொருளும் சந்தையும் ஒருங்கே சிதைந்தன.

இன்று கைபிடியும் துணி உட்புறமும் கொண்ட பனையோலைக் கைப்பைகள் விற்பனைக்கு வருகின்றன. இவற்றை மலிவான நினைவுப்பொருள்களாக மட்டும் கருதுவது பழைய கணிப்பையே தொடர்வதாகும். ஓலை வார்வது முதல் விளிம்பு கட்டுவது வரையுள்ள நேரம் கூலியாகக் கணிக்கப்படுதலும், இழைத்தவர் பெயர் பையிற் பொறிக்கப்படுதலும் வேண்டும். அவ்வாறன்றேல் இத்தொழிலை அடுத்த தலைமுறை விரும்பிக் கற்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.