சாம்பியன் ஆன கிளப் எங்கே போச்சு?

இந்த எபிசோடை ஸ்டுடியோவில் பதிவு பண்ணலை. எங்க ஊர் எக்கியார்குப்பத்துல, கரையில இழுத்து வெச்ச ஒரு ஃபைபர் படகு நிழல்ல உட்கார்ந்து பேசினேன். பின்னாடி கேட்ட இரைச்சல் அலைதான். எழுத்து வடிவத்தில் படிக்கிறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எக்கியார்குப்பம் எங்கே இருக்குன்னா, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம். ஒரு பக்கம் கடல். சாலைக்கு அந்தப் பக்கம் பக்கிங்காம் கால்வாய், அதை ஒட்டி உப்பளம். உங்களில் பலர் இந்தப் பேரை முதல்முறை கேட்டது 2023 மே மாதம் கள்ளச்சாராயச் சாவுச் செய்தியில்தான் இருக்கும். இணையத்தில் தேடினால் இன்னும் அதுதான் முதலில் வருது. இன்னிக்கு நான் பேசப்போறது கால்பந்தைப் பற்றி.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்க பக்கத்துக் குப்பங்களில் கால்பந்துப் போட்டி வைப்பாங்க. மணலில் நாலு கம்பு நட்டால் ரெண்டு கோல். நுழைவுக் கட்டணம் வாங்குவாங்க, ஆனால் அது பந்துக்கும் தண்ணிக்குமே காணாது. பரிசுப் பணம், கோப்பை, மைக் செட், பந்தல் எல்லாம் யாராவது ஒரு பெரிய மனுஷர் தலையில். நான் சின்னப் பையனா இருந்தப்போ ஒருத்தர் மூணு வருஷம் தொடர்ந்து கொடுத்தார். நாலாவது வருஷம் அவர் வீட்டில் கல்யாணம், கொடுக்கலை. போட்டியும் நடக்கலை. யாரும் கோவிச்சுக்கலை. அவர் காசு, அவர் விருப்பம்.

இந்தியாவின் தொழில்முறைக் கால்பந்து லீக்குகளின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பந்தல்தான் ஞாபகம் வருது.

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் பார்த்துடுவோம். சென்னையில் கால்பந்து ஆடினவங்க பல வருஷம் கிளப்பிடம் சம்பளம் வாங்கிப் பிழைக்கலை. வேலைதான் சம்பளம். ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை என்று அலுவலக அணிகள் இருந்தன. நல்லா ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். காலையில் பயிற்சி, அப்புறம் கையெழுத்து போட்டுட்டு அலுவலகம். கால் உடைஞ்சாலும் வேலை இருக்கும், ஓய்வூதியமும் வரும். அதில் ஒரு மந்தம் இருந்தது, இல்லைன்னு சொல்லலை. முப்பது வயசு தாண்டினவர் இடத்தைப் பிடிச்சுக்கிட்டு இளம் பையனை வெளியே உட்கார வெச்சதெல்லாம் நடந்தது. ஆனால் ஆடினவன் வீட்டில் அடுப்பு எரிஞ்சது.

1996-இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தேசிய கால்பந்து லீக்கைத் தொடங்கியது. முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜேசிடி, ஒரு மில் நிறுவனத்தின் அணி. நம்ம இந்தியன் வங்கியும் அந்த லீக்கில் ஆடியிருக்கு. 1997-இல் கேரளத்தில் எஃப்.சி. கொச்சின் பிறந்தது. அலுவலகம், ஆலை எதுவும் பின்னால் இல்லாமல், கால்பந்துக்காகவே ஒரு கிளப். பிறந்த வருஷமே டுராண்ட் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டின் ராமன் விஜயன் அந்த அணிக்காக 1997-98 தேசிய லீக்கிலேயே அதிக கோல் அடித்தார். 2002-இல் கிளப்பே இல்லை. ஐந்து வருஷம், அவ்வளவுதான் ஆயுள்.

தேசிய லீக் 2007-இல் ஐ-லீக் ஆனது. பேர் மாறியது, பழைய நோய் மாறலை. மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010-இல் மூடப்பட்டது, 2011-இல் ஜேசிடி. ரெண்டு நிறுவனங்களும் திவாலாகலை. கால்பந்துக்குச் செலவு பண்ணி என்ன லாபம் என்று கேட்டாங்க, பதில் இல்லை. மூணு வருஷத்துக்கு அப்புறம் கோப்பை வாங்கித் தர மறுத்த எங்க ஊர்க்காரர் மாதிரியேதான்.

இந்த இடத்தில்தான் மாற்று லீக் என்ற யோசனை வருது. இது நம்ம கண்டுபிடிப்பு இல்லை. 1949-இல் கொலம்பியாவின் லீக் தன் நாட்டுக் கூட்டமைப்போடு முறித்துக்கொண்டு ஃபிஃபாவுக்கு வெளியே போனது. வெளியே போனதால் ஒரு வசதி: வீரரை இழுத்துக்கலாம், அவருடைய பழைய கிளப்புக்குக் காசு தர வேண்டாம். அர்ஜென்டினாவின் ஆல்ஃப்ரெடோ டி ஸ்டெஃபானோ அப்படித்தான் பொகோட்டாவின் மில்லோனாரியோஸ் அணிக்குப் போனார். 1951-இல் லிமாவில் ஒப்பந்தம் போட்டு, 1954-க்குள் வெளிநாட்டு வீரர்களைத் திருப்பி அனுப்பச் சம்மதிச்சாங்க. அங்கீகாரம் கிடைச்சது, பளபளப்பு போச்சு. அமெரிக்காவின் நாசல் லீக் வேற விதம். 1975-இல் பெலேவையே கொண்டு வந்தாங்க, 1978-இல் 24 அணிகளாக ஊதினாங்க, 1984 சீசனோடு கடையைக் கட்டினாங்க.

கிரிக்கெட் ரசிகர்களுக்குப் புரியுற மாதிரி சொன்னால் ஐசிஎல். 2007-இல் நடந்த அதன் முதல் இருபது ஓவர் போட்டியை வென்றது சென்னை சூப்பர்ஸ்டார்ஸ். சிஎஸ்கே பிறப்பதற்கு முன்னாடியே சென்னைக்கு ஒரு கோப்பை! யாருக்கும் ஞாபகம் இல்லை, ஏன்னா வாரியம் வீரர்களுக்குத் தடை போட்டது, ரெண்டு வருஷத்தில் லீக் மூச்சை விட்டது.

கால்பந்தில் முதல் முயற்சி மேற்கு வங்கத்தில். 2012 ஜனவரியில் கொல்கத்தாவில் ஏலம். உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் ஃபாபியோ கன்னவாரோ, ஹெர்னான் கிரெஸ்போ, ராபர்ட் பிரெஸ், ஜே-ஜே ஒகோச்சா, ராபி ஃபவுலர். எல்லாருமே ஆடி முடிக்கிற வயசு. கிரெஸ்போவுக்கு 8 லட்சத்து 40 ஆயிரம் டாலர். ஹால்தியா, பராசத், துர்காபூர் என்று ஆறு ஊர்களுக்கு அணி. ஒரே ஒரு குறைதான்: ஆட மைதானம் கிடைக்கலை. பிப்ரவரியில் தொடங்க வேண்டியது மார்ச்சுக்குத் தள்ளிப்போனது, அப்புறம் வரவே இல்லை. ஏலம் நடந்து, ஒரு பந்துகூட உதைக்கப்படாத லீக்.

இதைக் கேட்டு சிரிப்பு வரும். ஆனால் இந்த மைதான விஷயத்தைக் கவனிச்சுக்குங்க. இந்தியாவில் பெரிய ஸ்டேடியங்களில் பெரும்பாலானவை அரசுடையது, இல்லைன்னா மாநகராட்சியுடையது. கிளப் அங்கே வாடகைக்கு வந்த விருந்தாளி. டிக்கெட், கேன்டீன், வண்டி நிறுத்தம், சுவரில் விளம்பரம் என்று வெளிநாட்டுக் கிளப்புகள் வருஷம் முழுக்கச் சம்பாதிக்கிற இடம், இங்கே கிளப்பின் கையில் இல்லை.

அடுத்து ஐஎஸ்எல். கதை 2010 டிசம்பர் 9-இல் தொடங்குது. அன்னிக்குக் கூட்டமைப்பு, ஐஎம்ஜி-ரிலையன்ஸோடு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. இந்தத் தேதியை மறந்துடாதீங்க, கடைசியில் தேவைப்படும். 2014 அக்டோபர் 12 முதல் டிசம்பர் 20 வரை முதல் சீசன். 8 அணிகள், 70 நாள், 61 ஆட்டங்கள். அரங்கம் நிறைஞ்சது. நானும் ஹாஸ்டலில் உட்கார்ந்து சென்னையின் அணிக்காகக் கத்தினவன்தான். 2015 இறுதிப் போட்டியில் கோவாவை அதன் ஊரிலேயே 3-2 என்று சென்னையின் எஃப்.சி. வென்ற இரவு என் தொண்டை போயிடுச்சு. அதனால் ஐஎஸ்எல்லை வில்லனாக்க என்னால் முடியாது.

ஆனால் அது கொலம்பியா மாதிரி வெளியே போன லீக் இல்லை. கூட்டமைப்பின் ஆசியோடு வந்த மாற்று. அதனால் அதுக்குத் தடையும் இல்லை, தகுதி இறக்கமும் இல்லை. ஒரு நாட்டில் ரெண்டு லீக். ஐ-லீக் அதிகாரபூர்வமானது, ஆனால் டிவியில் மத்தியான வெயிலில் ஓடும். ஐஎஸ்எல் மூணு வருஷம் ஆசியக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இல்லாமலே பிரைம் டைமில் ஓடியது. 2017-இல் அங்கீகாரமும் வந்துடுச்சு.

இப்போ தலைப்புக்கு வரேன். சென்னை சிட்டி எஃப்.சி. 2017 ஜனவரியில் தொடங்கிய ஐ-லீக் சீசனில் நேரடி நுழைவு வாங்கி உள்ளே வந்த கிளப். முதல் வருஷம் சென்னை நேரு ஸ்டேடியம், அடுத்து கோவைக்கு மாறினாங்க. சின்ன பட்ஜெட், ஸ்பெயினிலிருந்து அதிகம் தெரியாத வீரர்கள், சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ், நிறைய உள்ளூர்ப் பசங்க. கன்னியாகுமரிக் கடலோரத்து மைக்கேல் சூசைராஜ் இங்கே ஆடித்தான் பெரிய கிளப்புகளின் கண்ணில் பட்டார். எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் எல்லாரும் இந்த வழியில் போனவங்கதான்.

2019 மார்ச் 9. கடைசி நாள். கோவையில் சென்னை சிட்டி, மினர்வா பஞ்சாபோடு. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு. ஜெயிச்சால் கோப்பை, சறுக்கினால் கொல்கத்தாவுக்குப் போயிடும். நானும் என் மாமா பையனும் இதே கரையில் ஒரே ஃபோனில் பார்த்தோம், சிக்னல் விட்டு விட்டு வந்தது. மூணாவது நிமிஷமே மினர்வா கோல் போட்டுட்டாங்க. மாமா பையன் எழுந்து போய் தண்ணியில் நின்னுட்டான். ரெண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டி அடிச்சார். அப்புறம் கௌரவ் போரா, ஒரு டிஃபென்டர், ரெண்டு கோல். 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று ஐ-லீக் சாம்பியன்! அந்த சீசனின் இரண்டாம் பாதியில் பல ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வரவே இல்லை என்பதையும் சேர்த்துக்குங்க.

அடுத்த மாதம் சூப்பர் கோப்பையில் அந்த வருஷ ஐஎஸ்எல் சாம்பியன் பெங்களூருவை 2-1 என்று தோற்கடிச்சாங்க. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் ஏற்கெனவே 26 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. வேற நாடா இருந்தால் இது ஒரு கிளப்பின் தொடக்கம்.

அக்டோபரில் கோலாலம்பூரில் ஆசியக் கூட்டமைப்பு ஒரு திட்டத்தை முன்வெச்சது. அதன்படி ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல் லீக். ஐ-லீக் சாம்பியன் மேலே போகலாம், ஆனால் 2022-23-லிருந்து. 2019-இல் ஜெயிச்சவனுக்கு 2023-இல் கதவு திறக்கும். யோசிச்சுப் பாருங்க, எந்த ஸ்பான்சர் அதுவரைக்கும் காத்திருப்பான்? நல்லா ஆடின பசங்க ஒவ்வொருத்தரா ஐஎஸ்எல்லுக்குப் போனாங்க, போகத்தானே செய்வாங்க. 2020-இல் கோவிட். 2020-21 ஐ-லீக் முழுக்க மேற்கு வங்கத்தில் பூட்டிய அரங்கங்களில் நடந்தது. கோவையில் டிக்கெட் விற்க வழியே இல்லை. அதுதான் சென்னை சிட்டியின் கடைசி ஐ-லீக் சீசன். கோப்பை தூக்கி ரெண்டே வருஷம்.

கிளப்பின் நிர்வாகத்தில் தப்பே இல்லைன்னு நான் சொல்ல வரலை. கோப்பை ஜெயிச்ச வருஷத்திலும் அது ஒரு உரிமையாளரின் பாக்கெட்டை நம்பித்தான் நடந்தது. ஆனால் மேலே போக ஏணி இல்லாத இடத்தில் திறமையான நிர்வாகம் மட்டும் என்ன பண்ணும்?

ஒரு சின்ன விலகல். மலப்புறம், கோழிக்கோடு பக்கம் செவன்ஸ் பார்த்திருக்கீங்களா? அணிக்கு ஏழு பேர், அறுவடை முடிஞ்ச வயலில் தற்காலிக கேலரி, இரவு ஆட்டம். கூட்டமைப்பின் அங்கீகாரம் கிடையாது. ஆப்பிரிக்காவிலிருந்து வீரர்கள் வந்து ஒரு சீசன் ஆடிட்டுப் போறாங்க. இது பல பத்தாண்டுகளாக நடக்குது. அந்தச் செலவு டிக்கெட் வாங்கறவன் கையிலிருந்து வருது, அதுவும் அவன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். ஆனால் வீரனுக்கு அங்கே காப்பீடோ, மேலே போகும் வழியோ பெரிசா இல்லை. அதையும் சொல்லியாகணும்.

என் மாமா பையன் விஷயம். அவன் இடது விங்கில் ஆடுவான், மணலில் ஓடிப் பழகின கால். சென்னையில் ஒரு கிளப்பில் ட்ரையல் போனான், எடுத்தாங்க. சீசனுக்கு மட்டும் ஒப்பந்தம். மீதி மாதம்? அங்கே இருந்த வயசான பயிற்சியாளர் சொன்னாராம், "தம்பி, ரயில்வேல ஒதுக்கீடு வருதான்னு பாரு. அதுக்கு இப்போ சீட்டு ரொம்பக் கம்மி." பழைய வழி சுருங்கிப்போச்சு, புது வழி சீசனுக்கு சீசன் ஆடுது. அவன் ரெண்டு சீசன் இருந்துட்டு ஊருக்கு வந்துட்டான். இப்போ அப்பாவோடு கடலுக்குப் போறான்.

2010 டிசம்பர் 9-ஐ ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா? அந்த 15 வருஷம் 2025 டிசம்பர் 8-இல் முடிஞ்சது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் ஜூலையிலேயே ஐஎஸ்எல்லை நடத்தும் நிறுவனம் சீசனை நிறுத்தி வெச்சது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்தியது. மாற்றாக வந்து முதன்மையான லீக்கும் ஒரே ஒரு காகிதத்தின் மேல்தான் நின்றிருக்கு. அக்டோபரில் கூட்டமைப்பு டெண்டர் விட்டது, நவம்பரில் பார்த்தால் ஒருத்தர்கூட விண்ணப்பிக்கலை. அரசு தலையிட்ட பிறகு 2026 ஜனவரியில் ஓர் அறிவிப்பு வந்தது: பிப்ரவரி 14-இல் சீசன் தொடங்கும், சுருக்கமாக 91 ஆட்டங்கள்.

டெண்டருக்கு யாரும் வரலைன்னு செய்தி வந்த அன்னிக்கு அதை மாமா பையனுக்கு அனுப்பினேன். சாயங்காலம் கரைக்கு வந்த பிறகுதான் பார்த்தான். "மச்சான், அப்போ அந்தப் பசங்க இந்த மாசம் எங்க பயிற்சி பண்றாங்க?"ன்னு கேட்டு ஒரு வாய்ஸ் நோட். நான் விசாரிச்சுச் சொல்றேன்னேன்.