'நீர் மாத்திரை' எடுப்பவர்கள் இளநீர் குடிக்கலாமா? சிறுநீரகத்தில் நடப்பது என்ன?

பாலக்காடு மாவட்டம் சித்தூரில் தொடங்கி, எல்லை தாண்டிப் பொள்ளாச்சி வரை தென்னந்தோப்புகள்தான். வெயிலுக்கு ஓர் இளநீர் குடிப்பதை இங்கே யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட வகை 'நீர் மாத்திரை' எடுப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

சிறுநீரகம் என்ன செய்கிறது?

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மற்றதெல்லாம் நுண்குழாய்கள் வழியாக ரத்தத்துக்கே திரும்பிவிடும். சோடியம் போகிற இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும்.

அந்தக் குழாயின் கடைசிப் பகுதியில் ஒரு பண்டமாற்று நடக்கிறது. சோடியம் ரத்தத்துக்குத் திரும்பும், பொட்டாசியம் சிறுநீரில் இறங்கும். இதை முடுக்கிவிடுவது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்.

மாத்திரைகளில் என்ன வித்தியாசம்?

கால் வீக்கத்துக்குப் பரவலாகத் தரப்படும் லேசிக்ஸ், குழாயின் முந்தைய பகுதியிலேயே சோடியம் திரும்புவதைத் தடுக்கிறது. அதனால் கடைசிப் பகுதிக்கு அதிக சோடியம் வந்து சேரும். பண்டமாற்று கூடும், பொட்டாசியமும் நிறைய வெளியே போய்விடும்.

பொட்டாசியத்தைக் காக்கும் மாத்திரைகள் அந்தப் பண்டமாற்றையே குறைக்கின்றன. ஸ்பைரோனோலாக்டோன் (ஆல்டாக்டோன்), எப்லெரினோன் இரண்டும் ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும். அமிலோரைடு, சோடியம் நுழையும் வாசலையே நேரடியாக அடைத்துவிடும். இரண்டு வழியிலும் பொட்டாசியம் உடம்பிலேயே தங்கும்.

பலனும் ஆபத்தும்

1999-இல் வெளியான 'ரேல்ஸ்' ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,663 பேர் பங்கேற்றனர். ஸ்பைரோனோலாக்டோன் எடுத்தவர்களிடம் இறப்பு அபாயம் 30% குறைந்தது. உலகம் முழுக்க மருத்துவர்கள் இதை அதிகமாக எழுதத் தொடங்கினர்.

அடுத்து நடந்ததை கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தரவு காட்டுகிறது. ஏசிஇ தடுப்பான் வகை மருந்தும் எடுத்துவந்த முதிய இதய நோயாளிகளில், பொட்டாசியம் கூடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4 பேர். 2001-இல் அது 11 பேர். மருந்து கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. கண்காணிப்பு இல்லாமல் தருவதுதான் ஆபத்து.

ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கலாம். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பின் தாளம் தப்பும். பல நேரம் முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது.

நீங்கள் என்ன செய்யணும்?

• 100 மில்லி இளநீரில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அது உபரியை வெளியேற்றிவிடும். இந்த மாத்திரை எடுப்பவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

• 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

• ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற பி.பி. மருந்துகளும், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடும். எடுக்கிற எல்லா மாத்திரையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

• மாத்திரை தொடங்கிய முதல் வாரத்திலும் ஒரு மாதத்திலும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் பொட்டாசியம், கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை தேவை.

பயந்துபோய் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதும் குறைப்பதும் அந்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.